ஏழாம் நம்பரில் நான் இல்லை

கோவில்பட்டியில் நான் படியேறாத ஆபீஸ் குறைவு. கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் என் பிழைப்பு. "பில் போடுற கம்ப்யூட்டர மத்தது எதுவும் கண்டுபிடிக்க மாட்டேங்கு அண்ணாச்சி" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கோளாறுதான். கரண்ட் போய் வந்திருக்கும், கம்ப்யூட்டரின் நம்பர் மாறியிருக்கும். வீட்டுக்குள்ளோ ஆபீஸுக்குள்ளோ இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் மோடம் ஒரு நம்பர் கொடுக்கிறது. அணைந்து எரிந்தால் முதலில் வந்தவனுக்கு எது கிடைக்கிறதோ அது. இன்ன கம்ப்யூட்டருக்கு இன்ன நம்பர் என்று மோடத்திலேயே ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், பஸ் சீட்டில் துண்டு போட்ட மாதிரி, வேறு எவனும் உட்கார முடியாது. "இதக்கூடச் செய்யாம என்னத்த ஆபீஸ் நடத்துதிய?" என்று ஏசிவிட்டு, பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு வருவேன்.

என் வீட்டில் மட்டும் அதைச் செய்யவில்லை.

என் மனைவிக்குத் தொண்டையில் புற்று. ஆபரேஷனில் உயிரை மிச்சம் வைத்து, குரலை எடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் தெருமுனையில் நான் வண்டியைத் திருப்பும்போதே, வீட்டுக்குள் அவள் யாரையோ வைது கொண்டிருப்பது கேட்கும். அப்பேர்ப்பட்ட வாய். போன ஜென்மத்தில் மைக் செட் கடை வைத்திருந்தாயா என்று கேலி செய்வேன். அந்த வீடு பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. மருந்தின் வீரியத்தில் கால்களும் தளர்ந்துவிட்டன. யாரும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நடக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவளும் நானும்தான்.

அவளைத் தனியே விட முடியாது என்று வேலையை மாடிக்குக் கொண்டு வந்தேன். எங்கள் தெருவில் செல் சிக்னல் வீட்டுக்குள் நிற்காது. அதனால் அவள் போனில் ஒரு சிவப்புப் பட்டன் செய்து கொடுத்தேன். அமுக்கினால் மாடியில் என் கம்ப்யூட்டரில் மணி அடிக்கும். அந்தப் பட்டனுக்கு என் கம்ப்யூட்டரின் நம்பரைச் சொல்லி வைத்திருந்தேன். கடைசி எண் ஏழு. ஒரு சாதாரணக் காலிங் பெல்லை வாங்கி மாட்டியிருந்தால் போதும். கம்ப்யூட்டர்காரன் வீட்டில் காலிங் பெல்லா என்கிற திமிர் எனக்கு. ஒன்றிரண்டு தடவை நம்பர் மாறி மணி அடிக்காமலும் போனது. அப்போதைக்குச் சரிசெய்துவிட்டு, துண்டு போடுகிற வேலையை நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் ஒருநாள். அன்று காலையிலிருந்து மணி ஓயவில்லை. தண்ணீர், தலையணை, ஜன்னல் என்று ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போனது. கடைசித் தடவை ஓடி வந்து என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை, சும்மாதான் என்று கையை விரித்துச் சிரித்தாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "ஏட்டி, சும்மா சும்மா அடிச்சா மனுசன் வேல பாக்க வேண்டாமா? ஒனக்கென்ன, படுத்துக்கிட்டு அமுக்குத!" என்று கத்திவிட்டேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் அவளுடைய அண்ணன் வேன் பிடித்து வந்து இறங்கினார். எங்கள் பக்கத்தில் சீக்காளியைப் பார்க்கத் தனியாக வருகிற வழக்கம் கிடையாது. பதினான்கு பேர், ஹார்லிக்ஸ், ஆரஞ்சுப்பழம், அழுகை. அவர்கள் இருக்கும்போதே வானம் இருண்டு மின்னல் வெட்டத் தொடங்கியது. மின்னல் வெட்டினால் வீட்டிலுள்ள பிளக்கையெல்லாம் பிடுங்கிப் போடுவதும் எங்கள் வழக்கம். நானே பிடுங்கினேன். மழை விட்டதும், "மாப்ளே, இங்கன டவர் ஒரு புள்ளிகூட எடுக்க மாட்டேங்கு, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்று மச்சான் கேட்டார். மோடத்தை முதலில் மாட்டினேன். அத்தனை போனும் அதில் ஏறிக்கொண்டன. அவர்களை வேனில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். நம்பரைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் சொல்கிறவனுக்குத் தோன்றவில்லை.

காலையில் அடித்த மணி இப்போது அடிக்கவேயில்லை. தூங்குகிறாள் போல என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

காபி போடலாம் என்று நான்கு மணிக்கு இறங்கினேன். பாத்ரூம் வாசலில் கிடந்தாள். கையில் போன். சேலை நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது. கத்த முடியாதவள் எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன், நின்ற வாக்கிலேயே மோடத்தைத் திறந்து பார்த்தேன். ஏழாம் நம்பர் மச்சானுடைய போனின் பெயரில் இருந்தது. வேன் கழுகுமலை தாண்டிப் போன பிறகும் மோடம் அதை அவருக்கென்றே வைத்திருந்திருக்கிறது. என் கம்ப்யூட்டர் பத்தொன்பதுக்குப் போயிருந்தது. ஏழாம் நம்பரை என் கம்ப்யூட்டருக்கென்று எழுதி வைத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கரண்ட்டை நான்கு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மாறவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அவள், எழுதிப் பேச வைத்திருந்த நோட்டை வாங்கி எழுதினாள்.

"மூணு மட்டம் அமுக்குனேன். கோவத்துல வரலன்னு நெனச்சேன். நம்மளே போயிருவோம்னு எந்திச்சேன்."

"ஐயோ, எனக்கு மணியே கேக்கலட்டி" என்று பதறினேன். நம்பர் மாறிய கதையைச் சொன்னேன். மின்னல், பிளக்கு, மோடம், அவள் அண்ணன் போன், ஏழு, பத்தொன்பது, எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். சொல்லச் சொல்ல எனக்கே அது நோய்க்காரியிடம் அவிழ்த்துவிடுகிற புளுகு மாதிரி இருந்தது. கேட்டு முடித்துவிட்டு எழுதினாள்.

"போட்டும். அதுக்கு எங்கண்ணன் மேல பழியப் போடாதிய."

நோட்டை மூடிவிட்டு என் கையைத் தடவிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் என் வாயைப் பொத்தினாள். தை பிறக்கும் முன்னால் போய்விட்டாள். மணி எனக்குக் கேட்டது, நான்தான் இறங்கி வரவில்லை என்று நம்பி, அதற்காக என்னை மன்னித்துவிட்டுத்தான் போனாள்.