கூரைக்கு மரம் கண்டுபிடித்தவள்

புயல் அடித்த இரவு முழுக்க நாங்கள் நாலு பேரும் குசினிக்குள், அடுப்படியில் ஒடுங்கிக் கிடந்தோம். விடிந்ததும் அம்மா பெரிய அறையின் கதவைத் தள்ளித் திறந்தார். அடடா, அதை எப்படிச் சொல்வேன்! அறைக்குள் ஒரு தென்னை மரத்தின் தலை கிடந்தது. ஓட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு வந்து, அக்காவின் கட்டிலில் ஓலையை விரித்துப் படுத்திருந்தது. மேலே பார்த்தால் வானம், அதில் ஒரு கொக்கு போனது. எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டுக்குள் நின்றபடி இளநீர் பிடுங்குகிற பாக்கியம் எங்கள் ஊர் நாவற்குடாவில் வேறு எந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும்? நான் ஒன்றைப் பிடுங்கி அக்காவிடம் நீட்டினேன். அவள் என்னைத் திட்டிவிட்டு அழத் தொடங்கினாள்.

அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. தை பிறந்ததும் அவளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து சேருவார். அந்த வீடு அன்றோடு பெண்ணுடையது. ஆகவே பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் அவளுக்கென்று ஒரு வீட்டையும் பெற்றாக வேண்டும். பார்க்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டின் முகட்டைத்தான் பார்ப்பார்கள். அக்காவின் முகத்தில் ஒரு குறையும் இல்லை. முகட்டில்தான் தென்னை மரம் கிடந்தது.

அம்மாவின் தம்பியான மாமா மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். பின்னால் மரவேலை செய்கிற ஓடாவியாரையும் ஏற்றி வந்திருந்தார். ஓடாவியார் ஏணி வைத்து ஏறி, கூரையின் கைமரங்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். மரம் விழுந்த பக்கம் மட்டும் அல்ல, விழாத பக்கத்திலும் கறையான் புகுந்து பாதியைத் தின்றிருந்தது. உடைந்த பக்கத்துக்கு மட்டும் ஒட்டுப் போட்டால் இரண்டொரு மாரிக்குத் தாங்கும், நெடுங்காலம் இருக்க வேண்டும் என்றால் முழுக்கக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து வெற்றிலை கேட்டார்.

அன்றைக்குத் தொடங்கியது சண்டை. அப்பா ஒட்டுப் போடுகிற கட்சி. மாமா முழுசாக மாற்றுகிற கட்சி.

"அத்தான், வாற ஆக்கள் மேல பார்த்தா என்ன சொல்றது? கறையான் நம்மட சொந்தக்காரன் எண்டு சொல்றதா?" என்றார் மாமா.

"ஒட்டுப் போட்டா ஆருக்கும் தெரியாது தம்பி. மிச்சத்த மெல்ல மெல்லப் பாப்பம்" என்றார் அப்பா.

நான் யார் கட்சி என்று கேட்க வேண்டுமா? கூரையை முழுக்கக் கழற்றினால் கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குக் கூரையே இராது! இரவில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு தூங்கலாம், ஊர்ச் சனமெல்லாம் வந்து ஓடு இறக்கும், பலகாரம் சுடுவார்கள், பிறகு கலியாணம், எனக்குப் புதுச் சட்டை. ஒட்டுப் போடுவதில் என்ன இருக்கிறது? நான் மாமாவின் பின்னாலேயே திரிந்து "முழுசா மாத்துவம், முழுசா மாத்துவம்" என்று வீட்டு வளவெங்கும் கத்தினேன். அப்பா ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, "நீயுமா புள்ள?" என்று கேட்டார். "ஓம்!" என்றேன், மாமாவுக்கும் கேட்கட்டும் என்று இன்னும் பலமாக.

வீடு அம்மாவுடையது, அம்மாவுக்கு அவருடைய தாய் கொடுத்தது. அதனால் தீர்ப்பு அம்மாவின் வாயில் இருந்தது. அவர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். "மாத்துவம்" என்றார்.

நான் குதித்த குதியில் கோழிகள் சிதறி ஓடின. ஆனால் சந்தோசம் பின்னேரம் வரைக்கும்தான் நீடித்தது. மாவட்டம் முழுக்கக் கூரை போயிருந்த நேரம் அது. மாமா ஒவ்வொரு மரக்கடைக்கும் போன் எடுத்தார், டவுனுக்குப் போனார், செங்கலடி வரைக்கும் போனார். நல்ல மரம் ஒரு துண்டும் இல்லை, தைக்குப் பிறகுதான் வருமாம். மாமா வாசற்படியில் சோர்ந்துபோய் உட்கார்ந்தார். அக்கா மறுபடியும் கண்ணைத் துடைத்தாள். அப்பா மட்டும் சட்டென்று தெம்பாகிவிட்டார். "நான் அப்பவே சொன்னன்தானே, ஒட்டே போடுவம்" என்றார்.

பெரியவர்கள் எல்லாரும் இப்படி மறதிக்காரர்களா? எனக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியவில்லையா?

"மரம் இரிக்கி மாமா!" என்று கத்தினேன். "வட்டைல இரிக்கி! நம்மட வாடிக்குள்ள, வைக்கலுக்குக் கீழ, அப்பா நிறைய அடுக்கி வெச்சிரிக்கார்!"

வட்டை என்பது எங்கள் வயல்வெளி. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளாமை வெட்டியதும் அப்பா எங்கோ போய் ஒன்றிரண்டு மரம் வாங்கி வந்து, காவல் குடிலான வாடிக்குள் வைக்கோலால் மூடி வைப்பார். அவரோடு தோணியில் போகிறவள் நான்தான். அந்த மரங்களின் மேல் ஏறிச் சறுக்கி விளையாடுகிறவளும் நான்தான்.

மாமா எழுந்து நின்றார். "அத்தான், பெரிய கள்ளனப்பா நீங்க!" என்று கைதட்டிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவே இல்லை. முழுசாக மாற்றச் சொன்ன அதே அம்மா, "இஞ்சருங்க, அத எடுக்க வேணாம். ஒட்டே போதும்" என்றார். அப்பா அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இன்னும் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தேன். "இல்ல. எடுப்பம்" என்றார் அப்பா. "முதல்ல மூத்தவட கூர. மறுகா பாப்பம்." ஒரு நிமிசத்துக்குள் இரண்டு பேரும் கட்சி மாறிவிட்டார்கள்! பெரியவர்களுக்குப் புத்தி நிலையாக நிற்காது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

மறுநாள் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மரம் ஏற்றினார்கள். வாடியின் கிடுகுக் கூரையைக் காற்று அள்ளிப் போயிருந்தது, மரம் ஒன்றுகூட அசையவில்லை. எல்லாம் முதிரையும் பாலையும், வைரம் பாய்ந்த மரங்கள். ஓடாவியார் தட்டிப் பார்த்துவிட்டு, "இது பேரப்பிள்ளைட காலத்துக்கும் நிக்கும்" என்றார். நான் மரங்களின் உச்சியில் ராணி மாதிரி உட்கார்ந்து வாவியைக் கடந்தேன். கரையில் நின்ற சனத்திடம் மாமா, "மரம் கண்டுபிடிச்சது எங்கட மருமகள்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குத் தலை பெருத்துப் போனது.

ஓடு மாற்றிய நாள் திருவிழாதான். தெருச் சனம் வரிசையாக நின்று கைக்குக் கை ஓடு கடத்தியது. நடுவில் நானும் நின்றேன். இரண்டு ஓடுகளை உடைத்தேன், ஒருவரும் ஏசவில்லை. முகட்டு மரம் ஏறியபோது அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் என்னைக் கட்டிப்பிடித்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

தையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் கதிரையில் உட்காருவதற்கு முன்னால் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார். "நல்ல முதிர" என்றார். அதோடு கலியாணம் ஆயிற்று, எனக்குச் சட்டையும் ஆயிற்று.

அடுத்த வெள்ளாமை வெட்டு முடிந்ததும் வழக்கம்போல அப்பாவோடு தோணியில் போனேன். புதிதாகக் கட்டிய வாடிக்குள் பாலை மரம் ஒன்று தன்னந்தனியாகக் கிடந்தது. அப்பா அதன் மேல் வைக்கோலை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்காட வீட்டுக்குத்தான் கூர போட்டாச்சே! இது என்னத்துக்கப்பா?"

அப்பா வைக்கோலை விட்டுவிட்டு என்னை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீ கொஞ்சம் மெல்ல வளரு புள்ள" என்றார்.

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. வகுப்பில் ஆகக் குட்டை நான், எப்போது வளர்வேன் என்று ஏங்கிக்கொண்டிருந்தவள். அந்த மரத்தின் மேல் தாவி ஏறி, குதிகாலை உயர்த்தி, கையையும் மேலே நீட்டி, "இஞ்ச பாருங்க, இவ்வளவு வளந்திட்டன்!" என்று காட்டினேன்.