ஆசிட்டுக்கு அசையாத பச்சைக்கல்

உன்னைத்தான் சொல்கிறேன். கண்ணாடியைக் கல் என்று கொடுத்தவன் நீ. திருடன் என்று பேர் வாங்கினவன் நான். உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் என் கோபம் கொஞ்சம் அடங்கிவிடும், அது அடங்கக் கூடாது.

கல் வியாபாரம் என்பது கல்லைவிட ஆளை அதிகமாகப் பார்த்துக் கெட்டுப்போகிற தொழில். எட்டாவதோடு படிப்பை விட்டு, கோயில் வாசலில் துணி விரித்துப் பித்தளை மோதிரம் விற்று, லத்தியிலும் வசவிலும் பாடம் படித்து ஒரு கடைக்குச் சொந்தக்காரன் ஆனவன் நான். எனக்கே இந்தக் கதி. கல் விற்றுக் கெட்டவர்களே, வாங்கிக் கெட்டவர்களே, உங்களுக்கு இது புதுசாக இருக்காது. இருந்தாலும் கேளுங்கள்.

சூட்டு உடம்பு

ஜோசியர் 'புதனுக்குப் பச்சைக்கல்' என்று சீட்டில் எழுதிக்கொடுத்துவிடுவார். மரகதத்தின் விலையைச் சொன்னதும் வந்தவரின் ஒரு கால் கடைப்படியில் இறங்கிவிடும். அந்தக் காலைத் திரும்ப உள்ளே ஏற்றத்தான் நான் பெரிடாட் என்கிற கல்லை எடுப்பேன். இளந்தளிர்ப் பச்சை, மரகதத்தில் நூறில் ஒரு பங்கு விலை.

தல்லாகுளத்திலிருந்து ஒரு டீச்சரம்மா மகனுக்காக வந்தார். மண்ணுக்கு மேலே கிடைக்கிற கல் இல்லை இது, நாம் நிற்கிற பாறைக்கும் கீழே, ரொம்ப ஆழத்தில், கொதிக்கிற சூட்டில் உண்டாகி, எரிமலைக் குழம்போடு மேலே ஏறி வருவது என்று மூச்சு வாங்க விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தம்மா சொன்னது: "அம்புட்டுச் சூட்டுல கிடந்ததை எப்படிண்ணே போடுறது? அவனுக்கு ஏற்கெனவே சூட்டு உடம்பு."

குளித்த கல்

எனக்கு மோதிரம் கட்டித் தருகிறவர் அவனியாபுரத்துப் பத்தர். பொன்னைப் பற்றவைத்த கறுப்புப் போக, சூடான ஆசிட்டில் மோதிரத்தை முக்கி எடுப்பார்கள். கெம்பும் நீலமும் அதில் அலுங்காமல் கிடக்கும். பெரிடாட் அப்படியில்லை. ஒருமுறை கல்லோடு முக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து எடுத்தால் பளபளப்பெல்லாம் போய், சாம்பல் பூசின நெல்லிக்காய் மாதிரி இருந்தது கல்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். இனிமேல் கல்லைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நெருப்பைத் தொட வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். பத்தர் அசரவில்லை: "கெம்பு இதுல நித்தம் குளிக்குது மாப்ள. உம்ம கல்லுதான் சளி பிடிச்ச கல்லா இருக்கு."

நான் ஜெயித்த பேரம்

பத்து வருஷமாக நீ என் கடைக்குக் கல் கொண்டுவந்தாய். ஒரு தடவைகூடக் கெட்ட சரக்குக் கொடுத்ததில்லை. அன்றைக்குப் பொட்டலத்தைப் பிரித்து, மொச்சைக்கொட்டை அளவு பச்சைக்கல் ஒன்றை வைத்தாய். "விண்கல்லுல இருந்து எடுத்தது" என்றாய். அப்படி ஒன்று இருப்பது பொய்யில்லை. சில விண்கற்களை அறுத்தால், கடலை மிட்டாயில் கடலை பதிந்த மாதிரி இரும்புக்குள் பச்சைப் பெரிடாட் மணிகள் இருக்கும். அவை பெரும்பாலும் பொடி மணிகள், இந்த அளவுக்குச் சுத்தமாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதும் எனக்குத் தெரியும்.

தெரிந்து என்ன? நீ விலை சொன்னதும் எனக்கு வெறி ஏறிவிட்டது. ஒரு மணி நேரம் பேசினேன். கல்லைத் திருப்பித் திருப்பி உன் பக்கமே தள்ளினேன், எழுந்து போ என்றேன், போனவனைக் கூப்பிட்டேன். நீ சொன்னதில் பாதிக்கும் கீழே இறக்கினேன். அந்தச் சந்தோஷத்தில் லென்ஸை எடுக்கவே மறந்தேன். பேரத்தில் மட்டுமே குறியாக இருப்பவனுக்குத்தான் இந்த மறதி வரும், அதை நீ பத்து வருஷமாகப் பார்த்து வைத்திருக்கிறாய். படியிறங்கும்போது தலையைச் சொறிந்துகொண்டு சொன்னாய்: "உங்ககிட்ட வாயைக் கொடுத்து மீள முடியுமாண்ணே?"

ஏழு நாள்

முத்தையா பரவை மார்க்கெட்டில் லாரியிலிருந்து வாழைத்தார் இறக்குகிறவர். மகள் பேங்க் பரீட்சையில் இரண்டு தடவை தவறியிருந்தாள், அவளுக்குப் பச்சைக்கல் தேடி வந்தார். விண்கல் சமாச்சாரத்தை நான் சொல்லச் சொல்ல அவர் தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்லை ஏழு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திருப்பிவிடலாம்.

எட்டாம் நாள் வந்தார். வீட்டில் சண்டையில்லை, மகள் நன்றாகத் தூங்கினாளாம். மோதிரத்தில் கட்டித் தரச் சொல்லி, கல்லை என் கையில் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க வார்த்தைய நம்பித்தாண்ணே வாங்குறேன். எனக்குக் கல்லைப் பத்தி என்ன தெரியும்?"

ஒண்ணும் ஆகலை

மோதிரம் அந்தப் பிள்ளையின் விரலுக்குத் தொளதொளவென்று இருந்தது. சின்னதாக்கித் தரச் சொல்லி முத்தையா கொண்டுவந்தார், நான் அவனியாபுரம் அனுப்பினேன். மறுநாள் பட்டறைக்குப் போனால் பத்தர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஞாபகப்பிசகாகக் கல்லோடு ஆசிட்டில் போட்டுவிட்டாராம். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்ததாம்.

கையில் வாங்கினேன். கல் பளபளவென்று இருந்தது. பெரிடாட் என்றால் மங்கியிருக்க வேண்டுமே. லென்ஸை வைத்தேன். பெரிடாட்டுக்குள் பார்த்தால் பட்டை தீட்டின பின்பக்கக் கோடுகள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரியும். இதில் எல்லாமே ஒற்றைக் கோடு. நடுவில் காற்றுக்குமிழி இரண்டு, வெறும் கண்ணாடி. பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்தருக்கு ஒன்றும் புரியவில்லை: "ஏன் மாப்ள மூஞ்சி இப்படிப் போகுது? ஒண்ணும் ஆகலைன்னு சந்தோஷப்படுவீரா, அத விட்டுட்டு!"

வாழைத்தாருக்கு நடுவில்

மூடி மறைத்திருக்கலாம். அந்தக் கண்ணாடியையே திருப்பிக் கொடுத்திருந்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தை காதிலேயே நின்றது. நல்ல பெரிடாட் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, காலையிலேயே பரவைக்குப் போனேன். லாரிக்குப் பக்கத்தில் நின்று, நான் விற்றது கண்ணாடி, தெரியாமல் விற்றுவிட்டேன், இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

முத்தையா தாரை இறக்கி வைத்தார். "வாங்கும்போது வானத்துக் கல்லு. பட்டறைக்குப் போயிட்டு வந்தா கண்ணாடியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். நான் கல்லை நீட்டியபடியே நின்றேன். அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த மகள் மட்டும் மெதுவாக, "மாத்தியிருந்தா அவரே வந்து ஏம்ப்பா சொல்லப்போறாரு?" என்றாள். நான் நீட்டிய கல்லை அவர் தொடக்கூட இல்லை. அதுவரை அண்ணே என்று கூப்பிட்டவர் சொன்னார்: "மாத்துனவன்தான்யா முதல்ல ஓடி வந்து சொல்லுவான்."

அதற்குப் பிறகு

அந்தப் பிள்ளை மூன்றாவது பரீட்சையைச் சரியாக எழுதவில்லை. விரல் வெறுமையாக இருந்ததாலா, வீட்டில் இதே பேச்சாக இருந்ததாலா, எனக்குத் தெரியாது. பரவையிலிருந்து இப்போது என் கடைக்கு யாரும் வருவதில்லை. பத்தரிடம் வேலைக்குக் கொடுத்திருந்த இரண்டு பேர் நகையைப் பாதியிலேயே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அறுபது வயதில் அந்த மனுஷன் என்னிடம் கேட்டார்: "நான் செஞ்ச தப்பு ஆசிட்டுல போட்டது ஒண்ணுதானே மாப்ள, என்னையும் ஏன் திருடங்கறாங்க?"

உனக்கு ஏழு தடவை போன் அடித்தேன். எட்டாவது தடவை எடுத்தாய். பின்னால் ஹோட்டல் சத்தம் கேட்டது. நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு நீ சொன்னது: "இதுக்குப் போயி இம்புட்டுக் கோவமாண்ணே? ஒண்ணுக்கு ரெண்டா நல்ல கல்லு அனுப்புறேன், விடுங்க."

உன் கல் எனக்கு வேண்டாம். பரவை மார்க்கெட்டுக்கு வா. முத்தையா முன்னால், அந்தப் பிள்ளை முன்னால், லோடு இறக்குகிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, முதல் நாளே கண்ணாடியைக் கொடுத்தவன் நான்தான் என்று உன் வாயால் சொல். இத்தனை வருஷத் தொழிலில் பேரம் பேசாமல் நான் சொன்ன ஒரே உண்மைக்குத் திருட்டுப்பட்டம் கிடைத்திருக்கிறது, அதைக் கட்டிவிட்டவன் நீ, நீயே வந்து அவிழ்த்துவிட்டுப் போ.