பெண் பார்க்கப் போய் மரம் பார்த்தது

கொழும்பிலிருந்து வந்த பிஸ்கட் டின் ஒன்று எனக்குக் கிடைத்தது. அதில் கம்பி கட்டி ஒரு வாத்தியம் செய்யலாம் என்று எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. டின்தான் வீணைக்கு இருப்பது போன்ற குடம். கம்பியும் கிடைத்துவிட்டது. கழுத்துக்குத்தான் மரம் அமையவில்லை. அப்போது வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தேன். பூவரசில் செதுக்கிய கழுத்து உப்புக் காற்றில் ஒரே மாதத்தில் வில்லாக வளைந்தது. பனையில் செய்தது உள்ளங்கையில் சிலாம்பு ஏற்றியது. வீட்டுக்குள்ளே பல வருஷம் கிடந்து காய்ந்த மரம்தான் நிற்கும், தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டும் என்று ஆசாரி சொன்னார்.

அன்றிலிருந்து போகிற வீட்டிலெல்லாம் கதவு நிலை, கட்டில் கால், உலக்கை என்று விரலால் தட்ட ஆரம்பித்தேன். துக்கம் கேட்கப் போன இடத்திலும் தட்டினேன். பாடை பச்சை மூங்கில் என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டேன்.

இந்த நிலையில்தான் பரமக்குடிக்குப் பெண் பார்க்கப் போனோம். அது மூன்றாவது இடம். முந்தைய இரண்டு வீட்டாரும் மாப்பிள்ளை ஊமையோ என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இதுவும் தவறினால் இனி யார் வாசலையும் மிதிக்கமாட்டேன், நாலு வார்த்தையாவது பேசு என்று அம்மா பஸ்ஸிலேயே கெஞ்சினாள்.

நெசவாளர் வீடு. எங்களுக்கும் பூர்வீகத் தொழில் அதுதான். என் அய்யாதான் தறியை விட்டு உப்பளத்துக்குப் போனவர். பெண் காப்பி கொண்டுவந்தாள். நான் தலையைத் தூக்கவில்லை. அவளுடைய கால் விரல்களைப் பார்த்தேன். அவற்றுக்கு அப்பால், சுவரில் சாத்தியிருந்த கட்டையைப் பார்த்தேன். நெய்த சேலையைச் சுருட்டும் உருளைக் கட்டை. நெய்து முடித்த சேலையை அறுத்து எடுத்துவிட்டதால் தறியிலிருந்து கழற்றி வைத்திருந்தார்கள். இரண்டு தலைமுறை கைபட்டு மினுமினுத்தது. விரல் தானாகப் போனது. ணங்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்னொரு தடவை தட்டினேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

பெண்ணின் அய்யா நிதானமாகக் கேட்டார்: "என்ன மாப்ளே, எங்க சொத்து உளுத்துப்போச்சான்னு பாக்குறியளா?"

"இல்லைங்க, இது உளுக்காது" என்று ஆரம்பித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. பிஸ்கட் டின்னில் தொடங்கி, பூவரசு ஏன் வளைகிறது, இந்தக் கட்டையை நெடுக்காகப் பிளந்தால் எத்தனை கழுத்து தேறும் என்பது வரை கால் மணி நேரம் பேசினேன். காப்பியில் ஆடை கட்டியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது. "அய்யா, அது நான் நெய்யிற தறியோட கட்டை. பொளக்கக் குடுக்க முடியாதுன்னு சொல்லுங்க."

திரும்பும்போது அம்மா பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

எட்டாம் நாள் ஒரு கார்டு வந்தது. பையன் ஊமை இல்லை என்பது தெரிந்துவிட்டது, பெண்ணுக்கும் சம்மதம் என்று எழுதியிருந்தார்கள். அடியில் வேறு கையெழுத்தில் ஒரு வரி: கல்யாணத்துக்குப் பிறகு தறியும் கூட வரும், அதை மாப்பிள்ளை தொடக்கூடாது.

தொடமாட்டேன் என்று நானே பதில் எழுதினேன். தட்டிப் பார்க்கலாமா என்றும் கேட்க நினைத்தேன், கூச்சத்தில் விட்டுவிட்டேன்.