நற்செவிக்குப் போய்ச் சேராத பாட்டு

என் புருஷன் அசெமார் பாட்டுச் சுமக்கிறவன். எழுதுகிறவர் வேறு. மேட்டுக் கோட்டையில் இசார்ன் என்று ஒரு ஏழைப் பிரபு இருந்தார். சொல்லும் மெட்டும் அவருடையவை. தொண்டையும் காலும் என் புருஷனுடையவை. புதுப் பாட்டை ஏழு நாள் வீட்டில் பாடிப் பழகிய பிறகே கோட்டை கோட்டையாக எடுத்துப் போக வேண்டும் என்பது இசார்ன் போட்ட சட்டம். அந்த ஏழு நாளும் என் காது பட்ட பாடு கொஞ்சமில்லை.

நான் சும்மா இருப்பேனா? "வசந்தம்னா குருவிதான் கத்தணுமா? நம்ம குட்டையில தவளை கத்தலையா?" என்று ஒருமுறை கேட்டேன். அசெமார் அதை வேடிக்கையாக அவரிடம் போய்ச் சொன்னான். அடுத்த பாட்டு தவளையில் தொடங்கியது. பெரியவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்தேன்.

எந்தப் பாட்டானாலும் கடைசி இரண்டு வரி ஒருத்திக்குப் போகும். அவள் பெயரைச் சொல்லக் கூடாது; மறைபெயர்தான் வைக்க வேண்டும். சுமக்கிறவனுக்குக்கூட ஆள் யாரென்று தெரியாது. இசார்ன் வைத்த பெயர் 'நற்செவி'. அவள் யாரென்று பதினெட்டு வருஷமாக எனக்கு மண்டை காய்ந்தது. ரொட்டிச் சூளையில் கூடும் பெண்களுக்கும் இதே பேச்சுதான். ஆற்றங்கரைக் கோட்டைச் சீமாட்டி என்று நான் அடித்துச் சொல்வேன்.

போன இலையுதிர்காலத்தில் இசார்ன் படுக்கையில் விழுந்தார். அசெமாரைக் கூப்பிட்டுக் கடைசிப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்.

"இது அவகிட்டப் போய்ச் சேரணும்டா. கேட்டதும் ஒரு குறை சொல்லுவா. அதுதான் அடையாளம்."

சேர்க்கும்வரை வேறு பாட்டே பாடுவதில்லை என்று புனிதரின் எலும்புப் பேழைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தான் என் புத்திசாலி. பாட்டை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு ஏது? அவரை அடக்கம் செய்த கையோடு, ஏழு நாள் சட்டத்தையும் மறந்து, வீட்டுப் பக்கமே வராமல் கிளம்பிவிட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் செருப்புக் கிழிந்து வந்து சேர்ந்தான்.

"ஒன்பது கோட்டை, சவுரினா! ஒன்பது பேரும் அழுதாங்க. ஒவ்வொருத்தியும் தான்தான் நற்செவின்னு நினைச்சுத் தன் கையுறையைக் கழட்டி அன்பளிப்பாக் குடுத்தா. ஒருத்திகூடக் குறை சொல்லலைடி."

"ஆத்தங்கரைக்காரியுமா?"

"அவதான் அதிகமா அழுதா. இனிமே நான் வாயைத் திறக்க முடியாது. என் பொழப்பு போச்சு."

கஷ்கொட்டை உரித்துக்கொண்டிருந்தேன். எரிச்சலாக வந்தது.

"அப்படி என்னதான்யா இருக்கு அதுல? பாடு, கேட்போம்."

பாடினான். ஐந்து பத்தி. நாலாவது முடியும்போது என் கை நின்றுவிட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது. ஐந்தாவது வந்ததும் பொறுக்க முடியவில்லை.

"நிறுத்துய்யா. நாலு பத்தியா அவளை நினைச்சே செத்தேன்னு அழுதவன், அஞ்சாவதுல எனக்கு ஒண்ணும் வேண்டாம்ங்கிறான். பொய்! ஏதோ வேணும்னு கேட்டிருக்கணும், கோழை மனுஷன்."

அசெமார் என்னையே பார்த்தான்.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி?"

"நீ குறை சொன்னே."

"எப்பவும் சொல்றதுதானே?"

"ஆமா, எப்பவும் சொல்றதுதான்." மெதுவாகச் சுவர் ஓரம் உட்கார்ந்தான். "ஒவ்வொரு தடவையும் என்கிட்டக் கேட்பார்டி, 'வீட்டுல என்ன சொன்னாங்க'ன்னு. கோட்டைகள்ல என்ன சொன்னாங்கன்னு ஒருநாளும் கேட்டதில்லை."

அந்த மனுஷரை நான் கோயிலில் இரண்டே முறை, அதுவும் தூரத்தில் பார்த்திருக்கிறேன். கஷ்கொட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பெற்ற தகப்பனுக்குக்கூட அழாத அழுகையை அழுதேன். அசெமார் கோபப்படவில்லை. சத்தியம் தீர்ந்துவிட்டது, மறுநாளே தவளைப் பாட்டைப் பாட ஆரம்பித்தான்.

அந்த ஐந்தாம் பத்தி பொய்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். திருத்தித் தர அவர்தான் இல்லை.