அருவிக்குப் போன பெண்பார்ப்பு

போன வாரம் வில்லியனூர்ப் பக்கம் ஆற்றங்கரைப் பூங்காவில் ஒருவர் வெற்றிலைச் சாற்றைத் தண்ணீரில் துப்பினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்து வயதில் நான் பார்த்த இன்னொரு வாய் நினைவுக்கு வந்தது.

எழுபதுகளில் நாங்கள் பாகூரில் இருந்தோம். இளம்பிள்ளை வாதத்தால் அக்காவின் இடது கால் சற்றுச் சூம்பியிருக்கும். அதைச் சொல்லித்தான் ஜாதகம் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார், பெண்ணை மலையருவியில் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். அப்பா பெருமையாக வேன் பிடித்தார்.

ஓடைக்கரையில் எல்லோரும் புளிச்சோறு சாப்பிட்டோம். மாப்பிள்ளையின் அப்பா எச்சில் இலையை ஓடையில் வீசிவிட்டு வெற்றிலை போட்டார். தெளிந்த தண்ணீரில் சிவப்பாகத் துப்பினார். பிறகு அக்காவைப் பார்த்து, "அருவி வரைக்கும் ஏறிட்டு வாம்மா. கால் எப்பிடின்னு பாக்கணும்ல" என்றார்.

அப்பா தன் இலையை மடிக்கத் தொடங்கினார். அக்கா ஏறினாள். வழுக்குப் பாறையில் தடுமாறிய அவள் காலையே அவர்கள் மென்றுகொண்டே பார்த்தார்கள். மாப்பிள்ளையும் பார்த்தான்.

அக்கா நனைந்து, மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"இன்னாம்மா, வலிக்குதா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"இல்லீங்க. உங்க மவன எனக்குப் புடிக்கல."

அப்பாவுக்கு முகம் கறுத்தது. "பெரியவங்ககிட்ட மன்னிப்புக் கேளுடி" என்றார்.

அக்கா கேட்கவில்லை. நேராகப் போய் வேனில் உட்கார்ந்துகொண்டாள். நானும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அந்த மனிதர் மேல் வந்த அருவருப்பு எனக்கு இன்றும் இருக்கிறது. அப்பா மேல் வந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.