கோணி ஊசியில் செய்த போரிங் டூல்

எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் மாடு கிடையாது, இரும்பு, பித்தளை கடைகிற லேத்துதான் இருந்தது. எழுபதுகளின் கடைசியில், மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றி எங்கள் ஊர் நெரவிக்குக் கொண்டுவந்தேன். பகலில் காரைக்காலில் ஆபீஸ் வேலை. சாயங்காலம் சைக்கிளை நிறுத்தியதும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நேரே கொட்டகைதான். என் மனைவிக்கு லேத் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கேலி பண்ண ஒன்று கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

“இத்தன நாளா அதுல என்னதான் செஞ்சீங்க? லேத்துக்குக் கைப்பிடி, லேத்துக்கு மூடி, லேத்துக்கு டூலு. தனக்குத்தானே சமைச்சு தானே சாப்புட்டுக்குது. வீட்டுக்குன்னு ஒரு சாமான் வந்துச்சா?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

ஒரு வைகாசியில் அவள் தங்கைக்குக் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. மாமியார் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு என் மனைவியின் முகூர்த்த ரவிக்கையை மாமியார்தான் தைத்தார், பிரெஞ்சுக்காரன் காலத்தில் வாங்கிய தன் கைமெஷினில். அந்த மெஷின் இப்போது எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா இல்லாத குறைக்கு, தங்கையின் ரவிக்கையையும் அதே மெஷினில் தானே தைத்துக் கொடுப்பதாக இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். பட்டுத்துணியும் வந்து சேர்ந்தது. பாழாய்ப்போன மெஷின் அந்த நேரம் பார்த்துத் தையலை விட்டுவிட்டுப் போட ஆரம்பித்தது.

ஊசியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போகிற கம்பி ஒன்று உண்டு. அது ஓடுவதற்கு ஒரு சின்னப் பித்தளைக் குழாய், புஷ் என்பார்கள். அது தேய்ந்து கம்பி ஆடியது. காரைக்காலில் மெஷின் ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு, “இதுக்கெல்லாம் புஷ் கெடைக்காதுங்க. காயலாங்கடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க” என்றார். வீடு வரும்வரை அவள் கேலிகூடப் பண்ணவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“நான் செஞ்சு தரேன்” என்றேன். வாய் முந்திக்கொண்டது.

பித்தளைத் துண்டை லேத்தில் மாட்டி, கால் இஞ்ச் டிரில்லை விட்டேன். கம்பியைப் போட்டால் லொடலொட என்று ஆடுகிறது. எங்கள் ஊர்க் கடைகளில் அன்று கிடைத்த டிரில்லெல்லாம் இஞ்சுக் கணக்கு. மெஷினோ பிரான்சிலிருந்து வந்தது, கம்பி மில்லிமீட்டர் கணக்கு. போதாததற்கு இத்தனை வருஷம் ஓடித் தேய்ந்ததில் அது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. சிறிய துளை போட்டு, கம்பி நுழையும் அளவுக்கு உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து பெரிதாக்குவது ஒன்றுதான் வழி. பென்சில்கூட நுழையாத துளை அது. அதற்குள் போகிற போரிங் டூலுக்கு நான் எங்கே போவேன்?

பழைய அரத்தின் வாலைத் தேய்த்துச் செய்தேன். தொட்டதும் படக்கென்று உடைந்தது. போல்ட் முடுக்குகிற ஆலன் கீயில் ஒன்று செய்தேன். முனை வெட்டவில்லை, முனைக்குக் கீழே அதன் வயிறுதான் துளைச் சுவரில் உரசிக் கிறீச்சிட்டது. வயிற்றைத் தேய்க்கத் தேய்க்க டூல் ஈர்க்குச்சியாகி வளைந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கண்ணில் பட்டது நெல் மூட்டையில் செருகியிருந்த கோணி ஊசி. நல்ல உருக்கு, வேண்டிய கனம். அடடா, இத்தனை நாள் இங்கேயே இருந்திருக்கிறது!

இஸ்திரிப் பெட்டிக் கரியில் பழுக்கக் காய்ச்சி, நுனியைக் கொக்கியாக மடக்கி, வயிற்றைச் சரித்துத் தேய்த்தேன். மறுபடி பழுக்க வைத்து நல்லெண்ணெயில் முக்கினேன். இப்போது அது கண்ணாடி மாதிரி, அப்படியே விட்டால் உடையும். இலேசாகச் சூடுகாட்ட வேண்டும். சூடு ஏறும்போது இரும்பில் வைக்கோல் நிறம் வரும், பிறகு பழுப்பு, பிறகு நீலம். வைக்கோல் நிறத்தில் எண்ணெயில் போட்டால் பிழைத்தது. நீலத்துக்குப் போனால் முனை மழுங்கிவிடும். எனக்கோ நிறம் பிரித்துத் தெரியாது. மயில்கழுத்துப் புடவையைப் பச்சை என்று சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். செய்யச் செய்ய நீலத்தில்தான் போய் நின்றது.

“என்னதான் பாக்குறீங்க?” என்று வந்து குனிந்தாள். விஷயத்தைச் சொன்னேன். “துணிக்கு நூல் நெறம் சேக்குற மாதிரிதானே? தள்ளுங்க.”

நான் குறட்டில் ஊசியைப் பிடித்திருக்க, அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். “இன்னும் வரல... வெளுப்புதான்... இருங்க, அவசரப்படாதீங்க... இப்ப! போடுங்க!”

போட்டேன். எண்ணெய் சுர்ரென்றது.

அந்த முனை பித்தளையை வெண்ணெய்போல வழித்தது. ஒவ்வொரு தடவையும் மயிரிழைதான் எடுத்தேன், ஒவ்வொரு தடவையும் கம்பியை நுழைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு மேலிருந்து விட்டபோது, கம்பி தன் பாரத்திலேயே நிதானமாக வழுக்கி இறங்கியது. ஆட்டம் கொஞ்சமும் இல்லை.

மெஷினில் பொருத்திக் கொடுத்தேன். பழந்துணி ஒன்றைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினாள். ஒரு தையல் தவறவில்லை. துணி முடிந்த பிறகும் சும்மாவே சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பயந்துபோய், “என்ன, எங்கயாச்சும் இடிக்குதா?” என்றேன்.

“இல்லீங்க. எங்கம்மா தைக்கிறப்ப இப்படித்தான் சத்தம் கேக்கும். நடுவுல நின்னுபோயிருந்துச்சு” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு பட்டுத்துணியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

“சந்தைக்குப் போனா கோணி ஊசி இன்னும் ரெண்டு வாங்கியாரேன். லேத்துக்கு டூலு செஞ்சு வச்சுக்கங்க.”