பாலேஸ்வரியின் காசித்தும்பை

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். பாலேஸ்வரி தன் கஞ்சியை முப்பத்தேழு வருடமாக அடுப்பை விட்டு இறக்கவே இல்லை. கலியாணம், இரண்டு பெண்பிள்ளைகள், ரொறொன்ரோவின் மல்வேர்னில் வாடகை வீடு, பனிக்குள் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இத்தனை குளிர்காலங்கள் எல்லாம் அந்த அடுப்பைச் சுற்றித்தான் நடந்தன. அவளுக்கு ஒரு மனிதர் மேல் கோபம். அவர் படம் ஊர்ப் பத்திரிகையில் வந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

அவர் பேராசிரியர் தில்லையம்பலம். யாழ்ப்பாணத்தில் அவளுக்குத் தாவரவியல் படிப்பித்தவர். 1986இல், இருபத்துநான்கு வயதில், ஆராய்ச்சி மாணவியாக அவருடைய குழுவோடு அவள் மலைநாட்டுக்குப் போனாள். மேகம் இறங்கி நிற்கும் ஒரு காட்டு ஓடைக்கரையில் வெள்ளைக் காசித்தும்பை ஒன்றைக் கண்டாள். பக்கத்திலேயே அதன் சிவப்புச் சொந்தமும் பூத்துக் கிடந்தது. நிறம் மாறிய பூ என்று மற்றவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். இவள் மட்டும் இரண்டு நாள் அட்டைக்கடியோடு குந்தியிருந்து இருநூற்றுப் பதினான்கு செடிகளைப் பார்த்தாள். வெள்ளைப் பூவின் பின்னால் தேன் இருக்கும் வால் இரண்டு சுற்றுச் சுருண்டிருந்தது. சிவப்பில் அது நீட்டு வால். தோளோடு தோள் உரசி நின்றும், இரண்டும் கலந்த செடி ஒன்றுகூட இல்லை. கலக்காதென்றால் அது தனி இனம். தனி இனம் என்றால் சொந்த வீடு. வகை என்றால் இன்னொருவர் வீட்டில் ஒட்டுக்குடித்தனம்.

ஓடி வந்து பேராசிரியரிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"மழையில உம்மட மூளையும் ஊறிப்போச்சு. உது வெறும் வகை."

அடுத்த வருடம் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் அந்தப் பூ வந்தது. எழுதியவர் பேராசிரியரின் வெள்ளைக்கார நண்பர். பூவைக் கண்டெடுத்தவர் தில்லையம்பலம் என்று போட்டு, அந்த வகைக்குத் தில்லையம்பலத்தின் பெயரையே வைத்திருந்தார். பாலேஸ்வரியின் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. போய்க் கேட்டாள். "பெரிய ஆக்களின்ர விசயத்தில தலையிடாதையும்" என்றார். அவளுக்கு வரவேண்டிய உதவி விரிவுரையாளர் வேலை அந்த மாதமே வேறு ஒருவருக்குப் போயிற்று. பிறகு சண்டை, இடப்பெயர்வு, கனடா. ஆராய்ச்சி பாதியில் நின்றது நின்றதுதான்.

ரொறொன்ரோவில் பிஸ்கற் பக்டரியில் பதினொரு வருடம் நின்றாள். நாற்பத்தெட்டாவது வயதில்தான் ஹெர்பேரியம் ஒன்றில் வேலை கிடைத்தது. உலகத்துச் செடிகளைக் காயவைத்து, காகிதத்தில் ஒட்டி, அலுமாரிகளில் அடுக்கி வைக்கும் இடம் அது. ஒட்டுவதுதான் அவள் வேலை. மெல்லிய காம்புக்குப் பசை, தடித்த காம்புக்கு ஊசியும் நூலும். அவள் ஒட்டிய தாளில் ஒரு இதழ்கூட மடிந்திராது. படித்த படிப்புக்கு இது வேலையா என்று சொந்தக்காரர் கேட்பார்கள். செடிகளின் பக்கத்தில் இருப்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஒருநாள் பழைய பொதி ஒன்றைப் பிரித்தபோது அவளுடைய வெள்ளைக் காசித்தும்பை வெளியே வந்தது. அந்தக் காலத்தில் நாட்டுக்கு நாடு மாதிரிகளை அனுப்புவார்கள். அப்படி வந்து கிடந்திருக்கிறது. தாளில் ஒட்டியிருந்த சுட்டியில் பேராசிரியரின் பெயர். பாலேஸ்வரி கதிரையில் இருந்துவிட்டாள். அந்தப் பெயரை விரலால் மூடினாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

அங்கே ஆராய்ச்சி செய்யும் மிதுனன் மல்வேர்னில் பிறந்து வளர்ந்தவன். அவனிடம் கதை முழுவதும் சொன்னாள். அவன் ஒரு இலைத்துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினான். மூன்று மாதத்தில் ஓடி வந்தான்.

"அன்ரி, யூ வேர் ரைற்! டிஎன்ஏ க்ளியரா சொல்லுது. இது டிஃபரண்ட் ஸ்பீசிஸ்."

அன்றைக்குத்தான் அவள் தன் ஆயுதத்தை எடுத்தாள். தாவரங்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு விதி உண்டு. வகையை இனமாக உயர்த்தும்போது பழைய பெயர் கூடவே ஏறிவர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உயர்த்துகிறவர் புதுப்பெயர் வைக்கலாம். மரியாதைக்காகப் பழைய பெயரை விட்டுவைப்பதுதான் வழக்கம்.

"பழைய பேரையே கீப் பண்ணுவமே அன்ரி. மனுசர் உயிரோட வேற இருக்கிறார்" என்றான் மிதுனன்.

"உயிரோட இருக்கேக்கதான் தம்பி எடுக்கவேணும்."

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. உயிருள்ள செடியை மறுபடி கண்டு உறுதிப்படுத்தாமல் சஞ்சிகை ஏற்காது. சுட்டியிலோ 'மத்திய மலைநாடு' என்று மட்டும் இருந்தது. அவளுடைய குறிப்புகள் இடப்பெயர்வில் போய்விட்டன. அந்த ஓடை எது என்பது பேராசிரியரின் குறிப்புப் புத்தகத்தில்தான் இருந்தது. அவர் இப்போது ரொறொன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் மகள் வீட்டில் இருந்தார்.

கட்லட் பெட்டியோடு கோ ரெயின் ஏறிப் போனாள். போகும் வழியில் மனது கொஞ்சம் இளகியது உண்மை. எண்பத்திரண்டு வயதுக் கிழவர். 'நீர்தான் கண்டனீர்' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், பேரை விட்டுவிடுவோம் என்று நினைத்தாள்.

விசயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"என்ர பூ ஸ்பீசிஸ் ஆகுதோ?"

"ஓம் சேர், ஸ்பீசிஸ் ஆகுது."

"அருள்நாயகி, கேட்டனீரே? என்ர பேரில ஒரு ஸ்பீசிஸ்!" மனைவிக்குக் குரல் கொடுத்துவிட்டு இவளைப் பார்த்தார். "நீரும் அந்தப் பயணத்தில வந்தனீர் என்ன? செடி வைக்கிற பேப்பர் காயப்போட்டனீர்."

பாலேஸ்வரி அவர் கொடுத்த குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினாள். நாற்பத்தோராம் பக்கத்தில் ஓடையின் பெயர், மைல்கல், உயரம் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அடியில் மட்டும் இரண்டு வரி தமிழ். அந்தக் காலத்தில் வெள்ளைக்கார நண்பர் அந்தப் புத்தகத்தைப் புரட்டுவார். அவருக்குத் தெரியக்கூடாததைத் தமிழில் எழுதியிருக்கிறார் மனிதர். 'பாலேஸ்வரி சொல்வது சரி. இது வேறு இனம்தான். இப்போதைக்கு வெளியே சொல்லத் தேவையில்லை.'

அவள் இரண்டு தரம் வாசித்தாள். தெரியாமல் செய்தார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அகங்காரத்தில் கண் மறைத்துவிட்டது என்றுகூடச் சமாதானம் சொல்லியிருக்கிறாள். இல்லை; தெரிந்தேதான் செய்திருக்கிறார். இனம் என்று எழுதினால் அவளுடைய இருநூற்றுப் பதினான்கு செடிகளைச் சொல்லவேண்டி வரும். வகை என்றால் சத்தமில்லாமல் பெயரைச் சுருட்டிக்கொண்டு போகலாம். ரெயினில் இளகிய மனது அந்த இடத்திலேயே இறுகிவிட்டது.

"இந்தப் பக்கத்தைக் கட்டுரையில படமாப் போடலாமோ சேர்?"

புத்தகத்தை அவர் முகத்துக்கு நேரே விரித்துத்தான் பிடித்தாள். அவருடைய கண்ணாடி பக்கத்து மேசையில் இருந்தது. அவர் எடுக்கவில்லை.

"ஓடை எழுதின பக்கம்தானே? வடிவாப் போடும். பெரிசாப் போடும். என்ர கையெழுத்தை உலகம் பார்க்கட்டும்."

சம்மதக் கடிதத்திலும் கையெழுத்து வைத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் தன் கையால் கெட்டார்.

கண்டிப் பக்கத்து ஆய்வாளர்கள் அந்த ஓடைக்குப் போனார்கள். வெள்ளைக் காசித்தும்பை அங்கேயே நின்றது. பதினொரு மாதத்தில் பாலேஸ்வரியும் மிதுனனும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. அதற்கிடையில் பேராசிரியர் விட்பி முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். பழைய மாணவர் சங்கம் மண்டபம் எடுத்து, 'தன் பெயரில் ஓர் இனம் கண்ட பேராசான்' என்று அழைப்பிதழும் அடித்துவிட்டது. விழாவுக்கு முந்திய சனிக்கிழமை காலை பாலேஸ்வரி கட்டுரையோடு போய் அவர் முன்னால் இருந்தாள்.

இந்தமுறை அவர் கண்ணாடி போட்டார். தலைப்பில் இருந்த லத்தீன் பெயருக்கு 'ஓடைக்கரையில் வாழ்வது' என்று பொருள். எந்த மனிதரின் பெயரும் அதில் இல்லை.

"என்ர பேர் எங்க?"

"உள்ளுக்குள்ள, சின்ன எழுத்தில, பழைய பேர் எண்டு இருக்குது சேர். விதிப்படி அதைக் குறிப்பிடத்தான் வேணும்."

அவர் முகம் கறுத்தது. "உப்பிடிச் செய்யேலாது! அது நான் கண்ட பூ. சஞ்சிகைக்கு எழுதுவன். உம்மை ஒரு வழி பண்ணுவன்."

"எழுதுங்கோ. அதுக்கு முதல் மற்றப் பக்கத்தைத் திருப்புங்கோ."

திருப்பினார். அவர் கேட்ட மாதிரியே பெரிதாகப் போட்டிருந்தார்கள். அரைப் பக்கத்துக்கு அவருடைய கையெழுத்து, கீழே மிதுனன் சேர்த்த ஆங்கில மொழிபெயர்ப்பு. தேத்தண்ணி கொண்டுவந்த அருள்நாயகி அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"'பாலேஸ்வரி சொல்வது சரி...' இதென்னப்பா? உங்கட கையெழுத்தல்லோ?"

அந்தக் கிழவர் கட்டுரையை மூடி மடிக்குள் மறைத்ததைப் பாலேஸ்வரி பார்த்தாள். இரக்கம் வருமோ என்று தனக்குள் தேடியும் பார்த்தாள். வரவில்லை. நெஞ்சு முழுக்கச் சந்தோசம்தான் இருந்தது. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

"பாலேஸ்வரி," என்றார் கடைசியில், குரல் இறங்கி. "சங்கத்து ஆக்களுக்கு உதைக் காட்டாதையும். எல்லாரும் என்னட்டைப் படிச்ச பிள்ளையள். இங்கிலீஷ் சஞ்சிகைதானே, ஒருத்தரும் தேடி வாசிக்கமாட்டினம்."

பாலேஸ்வரி தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழுந்தாள்.

"நேற்றே எல்லாருக்கும் அனுப்பிட்டன் சேர். இங்கிலீஷ் வாசிக்க அவைக்கு அலுப்பெண்டாலும் பரவாயில்லை. நீங்கள் தமிழிலதானே எழுதி வைச்சிருக்கிறியள்."